முட்டையாக வெடித்த நீலப் பூ

ஆயிரம் சினிமாவுக்குப் போய் ஒரு சினிமாவையும் பார்க்காமல் திரும்பி வந்த மனிதர் எங்கள் விருதுநகரில்தான் இருக்கிறார். உலகத்தில் வேறெங்கும் அப்படி ஒருவர் கிடையாது. இருந்தால் கூட்டி வாருங்கள், என் கம்மலைக் கழற்றித் தருகிறேன். ஆயிரம் என்பதில் பாதி என் கைச்சரக்கு என்பதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன். உலகம் என்பதிலும் கொஞ்சம் உண்டு. மற்றதெல்லாம் நடந்ததுதான்.

அவர் பெயர் நாகூர் கனி. பஜாரை ஒட்டிய சந்தில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிறார். அந்தக் கடைக்குள் போய்த் தும்மாமல் வெளியே வந்தவர் யாரும் இல்லை. தியேட்டரில் விளக்கு அணைந்ததும் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள். நாகூர் கனி மட்டும் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, பின்சுவரில் இருக்கும் சின்னச் சதுர ஓட்டையைப் பார்ப்பார். அதிலிருந்து கிளம்பும் வெளிச்சம் தலைகளுக்கு மேலே எப்படி விரிகிறது, சண்டை வந்தால் எப்படித் துடிக்கிறது, யாராவது பீடிப் புகையை ஊதினால் அதற்குள் என்னென்ன நெளிகிறது, இதெல்லாம்தான் அவருக்குப் படம்.

“அண்ணாச்சி, என் மூஞ்சியில என்ன ஓடுது? அங்கிட்டுத் திரும்புங்க” என்று பின்வரிசைக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள்.

கல்யாணமான புதிதில் அமீனாவைப் படத்துக்குக் கூட்டிப் போனார். வீடு திரும்பும் வழியில் அமீனா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: “கடைசியில அந்தப் புள்ள அவன மன்னிச்சிருக்கணுமா, என்ன சொல்றீக?”

“எந்தப் புள்ள?”

“படத்துல வந்த புள்ளங்க.”

“அத விடு. ரீல் மாத்தும்போது ரெண்டாவது மிஷின் ஒரு கண்ணிமைப்பு பிந்திருச்சு, கவனிச்சியா?”

அதோடு அமீனா அவரிடம் கதை கேட்பதை விட்டுவிட்டாள். தனக்கு வேண்டிய கதையைத் தானே பார்த்துக்கொண்டாள்.

அந்தத் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர் சங்கரலிங்கம். தினமும் திரும்பி உட்காரும் இந்த மனிதரைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் மேலே வரச் சொல்லிக் கைகாட்டினார். அதன் பிறகு நாகூர் கனிக்கு நாற்காலி எதற்கு? மிஷின் அறையின் சூட்டில் வேர்த்து வடிய நின்றுகொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்பார். இரண்டு கார்பன் குச்சிகளை முனைக்கு முனை தொட வைத்துப் பிரித்தால் நடுவில் வெள்ளை வெளிச்சம் பற்றிக்கொள்ளும். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைத் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

“குச்சி கறுப்பு. வெளிச்சம் மட்டும் எப்படிங்க வெள்ளையா வருது?”

“பாய், ஒங்க வத்தல் ஏன் செவப்பா இருக்குன்னு நான் என்னைக்காச்சும் கேட்டனா?” என்பார் சங்கரலிங்கம்.

அறுந்து விழுந்த பிலிம் துண்டு ஒன்றை நாகூர் கனி ஒரு நாள் பல்புக்கு நேரே தூக்கிப் பார்த்தார். திரையில் தடித்த மீசையும் தொந்தியுமாக நின்ற வில்லன், பிலிமில் ஊதுவத்தி கணக்காக ஒடுங்கி நின்றான். கதாநாயகி அவனைவிட ஒல்லி. கார்ச் சக்கரம்கூட நின்ற முட்டை. “என்னங்க, எல்லாரையும் பட்டினி போட்டு எடுத்திருக்காக?” என்று கேட்டபோதுதான் சங்கரலிங்கம் மிஷினுக்கு முன்னால் மாட்டியிருந்த கனத்த பித்தளை உருளையைத் தட்டிக் காட்டினார். அதுதான் ஸ்கோப் லென்ஸ். பிலிமில் பக்கவாட்டில் நெருக்கி ஒடுக்கிய படத்தை, வெளியே போகும்போது அகலமாக இழுத்து விரிப்பது அதன் வேலை. மேலும் கீழும் அது தொடாது. இடமும் வலமும் மட்டும் இழுக்கும். ரீல் முடியப்போகிறது என்று சொல்ல ஓரத்தில் போடும் பொட்டு, பிலிமில் வட்டமாகத்தான் இருக்கும்; திரையில் படுத்த முட்டையாக வந்து போகும். அன்று முதல் நாகூர் கனி ஸ்கோப் படத்துக்குப் போனால் அந்தப் பொட்டுக்காகவே காத்திருப்பார். அது வந்ததும் அவர் அடையும் சந்தோஷம் பக்கத்தில் இருப்பவருக்கு விளங்காது. திரையில் அப்போது யாராவது செத்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் அந்தத் தியேட்டருக்கு டிஜிட்டல் மிஷின் வந்தது. பழைய சாமான்களை ஒதுக்கியபோது சங்கரலிங்கம் முதலாளியிடம் சொல்லி ஸ்கோப் லென்ஸை நாகூர் கனிக்கு வாங்கிக் கொடுத்தார். நாகூர் கனி அதைத் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“இது என்ன, பீரங்கியா?” என்றாள் அமீனா.

“விரிக்கிற கண்ணாடி. வெளிச்சம் எதுத்தாப்புல இருந்து வந்தா இதுவே சுருக்கும். அப்ப இத ஒரு கேமராவுக்கு முன்னால மாட்டுனா என்னாகும்?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“எனக்கும் தெரியல. அதான் மண்டை காயுது.”

மண்டை காய்ந்தது கொஞ்ச நாள்தான். அமீனாவின் தம்பி சுல்தான் துபாயிலிருந்து வந்தபோது, போட்டோவும் எடுத்து வீடியோவும் எடுக்கிற புதுவகைக் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தான். அதை மச்சானிடம் காட்டியதுதான் அவன் செய்த தப்பு. திரும்பிப் போகும்போது வெறுங்கையோடு போனான். ஆனால் கேமராவின் வாயும் பித்தளை லென்ஸின் வாயும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இடையில் கச்சிதமான குழாய் ஒன்று வேண்டும். பிளாஸ்டிக் குழாய் லொடலொடத்தது, தகரம் கீறியது. கடைசியில் சண்முகவேலின் நினைவு வந்தது.

சண்முகவேல் நாகூர் கனியோடு காலேஜில் ஒரே பெஞ்சில் இருந்தவர். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார். ஆபீஸ் சிவகாசி டவுனில். வானவெடிகளுக்குக் காகிதக் குழாய் சுற்றும் பாலம்மாள் அவரிடம்தான் வேலை பார்த்தாள். நாகூர் கனி லென்ஸை நீட்டினார். பாலம்மாள் அதைக் கையில் வாங்கி, விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பசை தடவிய தாளை இறுக்கிச் சுருட்டி வெயிலில் வைத்தாள். சாயங்காலம் லென்ஸ் அதற்குள் சொருகி உட்கார்ந்தது.

“இதுக்கு எந்தப் பக்கம் திரி வைப்பீக?” என்று கேட்டாள்.

முதல் ஓட்டம் சொந்தக்காரப் பெண் நாஜியாவின் நிக்காஹில். டி.வி.யில் போட்டுப் பார்த்தால் மணவீட்டார் அத்தனை பேரும் மூங்கில் கழிகள். “இருங்க, இத இழுத்து விரிக்கணும், அப்பத்தான் சரியா இருக்கும்” என்று நாகூர் கனி எழுந்தார். மணப்பெண்ணின் பெரியம்மா ஷிபானா அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். “கனி, ஒண்ணையும் விரிக்காத. முப்பது வருசத்துல நான் இப்பத்தான் இம்புட்டு அழகா இருக்கேன்.” அந்த வீட்டில் அந்த சி.டி. இன்று வரைக்கும் விரிக்கப்படாமல்தான் ஓடுகிறது.

இனிமேல்தான் விஷயம்.

சண்முகவேலின் கம்பெனியில் மாரிசாமி ஃபோர்மேன். வானத்தில் போய் உருண்டையாகப் பூக்கிற குண்டு கட்டுவதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. குண்டுக்குள் மருந்து உருண்டைகளைச் சீராக அடுக்காவிட்டால், மேலே போய்ப் பிரியும்போது பூ ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாகும். அந்தத் தொழிலில் அதைவிட அவமானம் இல்லை. வர்ணங்களிலும் நீலம் பொல்லாதது. வெளிறாமல் நீலத்தைக் கொண்டுவருவது லேசில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் மாரிசாமி நீல உருண்டையாகப் பூக்கிற குண்டு ஒன்றைக் கட்டி முடித்தார். வடக்கே ஒரு ஊரின் திருவிழாக் கமிட்டி, சாம்பிளை வீடியோவில் பார்த்துவிட்டு ஆர்டர் சொல்வதாகச் சொல்லியிருந்தது.

“அடியில நின்னு பாத்தா எந்த வெடியும் வட்டமாத்தான் தெரியும், கனி. தள்ளி நின்னு பாக்கணும். ஒன் கேமராவ எடுத்துட்டு வா” என்றார் சண்முகவேல்.

ஆனைக்குட்டம் அணைக்கு அப்பால் தரிசு நிலத்தில், இருட்டத் தொடங்கியதும் சாம்பிள் போட்டார்கள். நாகூர் கனி அந்தித் தொழுகையான மஃரிபை முடித்துவிட்டுக் கரை மேல் கேமராவோடு நின்றார். முன்னால் பித்தளை லென்ஸ், இடையில் பாலம்மாளின் குழாய். குண்டுகள் ஒவ்வொன்றாக மேலே போய்ப் பூத்தன. நாகூர் கனி கேமராவின் பின்னால் இருந்த உள்ளங்கையளவுத் திரையில் மூக்கைப் புதைத்திருந்தார். வானவெடியின் வெளிச்சம் லென்ஸில் பட்டுக் குறுக்கே நீலக்கோடாக ஓடிய அழகில் மெய்மறந்துபோனார். ஒரு முறைகூடத் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஸ்டுடியோக் கடையில் கொடுத்து அதை சி.டி. போடச் சொன்னார். விரித்துப் போட வேண்டும் என்று சொல்ல மறந்தார். மறந்ததே அவருக்குத் தெரியாது. சி.டி. வடக்கே போயிற்று.

நாலைந்து நாள் கழித்து அமீனாதான் சேதி கொண்டுவந்தாள். சிவகாசிக்கு ஜவுளி எடுக்கப் போனவள், வழியில் பாலம்மாளைப் பார்த்திருக்கிறாள்.

“ஏங்க, மாரிசாமி அண்ணன குண்டு கட்டுற பக்கமே வரக்கூடாதுன்னுட்டாகளாம். கம்பி மத்தாப்பு முக்குற எடத்துக்கு அனுப்பிட்டாகளாம்.”

“எதுக்கு?”

“பூ வட்டமா வரலையாம். முட்டையா வந்துச்சாம். வடக்க இருந்து போன் போட்டுச் சிரிச்சிருக்காக.”

நாகூர் கனி வத்தல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். “அமீனா, முட்ட அவர் போட்டது இல்ல” என்றார்.

அன்றைக்கே சண்முகவேலின் ஆபீசுக்கு ஓடினார். விஷயத்தைச் சொன்னார். சண்முகவேல் கேட்டுக்கொண்டிருந்தார்; நம்பிய முகமாக இல்லை.

“சரி, லென்ஸ் கொஞ்சம் இழுத்திருக்கும். அப்ப முட்டையில லென்ஸோட பங்கு எம்புட்டு, மாரிசாமியோட பங்கு எம்புட்டு?”

“எல்லாம் லென்ஸுதான்லே.”

“நீ கரை மேல நின்னீல்ல. கண்ணால பாத்தியா, வட்டமா கோணலான்னு?”

“நான் கேமராவத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார் நாகூர் கனி மெதுவாக.

“வெளங்குச்சு. இன்னொரு சாம்பிள் போடலாம்னா கட்டுன குண்டு தீந்துபோச்சு. புதுசாக் கட்டணும்னா உருண்ட காயணும், வானம் மூட்டம் போட்டுக் கெடக்கு. நாளைக்குள்ள அவுகளுக்குப் பதில் சொல்லணும். அந்த மனுசன நம்பி நான் இன்னொரு தடவ சிரிப்பா சிரிக்கவா?”

“படத்த விரிச்சுக் காட்டுறேன். பாத்துட்டுச் சொல்லு” என்றார் நாகூர் கனி.

மறுநாள் காலையிலேயே வாடகைக்கு ஒரு புரொஜெக்டர் பிடித்து, லென்ஸைத் துண்டில் சுற்றி, அமீனாவையும் கூட்டிக்கொண்டு சிவகாசி பஸ் ஏறினார். ஆபீசில் சன்னலெல்லாம் அடைத்து இருட்டாக்கி, வெள்ளைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர்களைக் கழற்றிவிட்டு அங்கே காட்ட ஏற்பாடாயிற்று. மாரிசாமியையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கம்பியை மத்தாப்பு மருந்தில் முக்கியெடுத்த கைகள் சாம்பல் பூத்திருந்தன. அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சுவரில் நீலப் பூ விரிந்ததும் ஓட்டத்தை அப்படியே நிறுத்தினார்கள். நின்ற முட்டை.

“இருங்க” என்று நாகூர் கனி லென்ஸைப் புரொஜெக்டருக்கு முன்னால் பிடித்துத் திருகினார். முட்டை இன்னும் நீண்டு வெள்ளரிக்காயானது. பதற்றத்தில் மறுபடி திருகினார். பூ ஒருக்களித்துச் சரிந்தது. இன்னும் கொஞ்சம் திருக, பூ பக்கவாட்டில் ஊதிப் பெருத்து வட்டமாகி நின்றது.

“இந்தா. இதான் நெசம்.”

“ஏலே கனி, நீ திருகுற திருகுக்கெல்லாம் அது ஆடுது. வெள்ளரிக்காயும் காட்டுற, வட்டமும் காட்டுற. ஒனக்கு வேண்டிய எடத்துல நிப்பாட்டிட்டு நெசம்ங்கற. அதுக்கு என்ன சாட்சி?”

அத்தனை வருஷம் அந்த லென்ஸை நேசித்தவருக்கு, அது யார் கேட்டாலும் கேட்டபடி பொய் சொல்லும் என்பது அப்போதுதான் உறைத்தது. லென்ஸை வந்த வழியே திருப்பினார்; சுவரில் பூ மறுபடி வெள்ளரிக்காயானது.

மாரிசாமி கதவைத் திறந்தார். “விடுங்க பாய். என் கைதான் பெசகியிருக்கும். மத்தாப்பு காயப் போட்டுட்டு வந்திருக்கேன்” என்று கிளம்பினார்.

“அண்ணே, ஒரு நிமிசம் நில்லுங்க” என்றாள் அமீனா. அவள் சுவருக்குப் பக்கத்தில் போயிருந்தாள். பூவுக்கு மேலே ஒரு மூலையில், வெள்ளையாகப் பிசிறடித்துக்கொண்டு ஒரு பொட்டு இருந்தது. “இது என்னங்க?”

நாகூர் கனி உற்றுப் பார்த்தார். “நிலா.”

“சாம்பிள் போட்ட அன்னைக்குப் பிறை பதினாலு. மாசாமாசம் பிறை பதிமூணு, பதினாலு, பதினஞ்சுக்கு நான் நோம்பு வைப்பேன்ல, அன்னைக்கும் வச்சிருந்தேன், மறந்திட்டீகளா? பதினாலுன்னா நிலா முழு வட்டம். நிலா வட்டமாகுற வரைக்கும் திருகுங்க. அதுக்கு மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம். அங்க நிக்கும்போது மாரிசாமி அண்ணனோட பூ எப்படி இருக்குன்னு பாப்போம்.”

சண்முகவேல் நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் வந்தார். நாகூர் கனி லென்ஸை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். மூலையில் இருந்த வெள்ளைப் பொட்டு ஒடுங்கியது, சாய்ந்தது, நிமிர்ந்தது, மெல்ல அகன்று வட்டமானது. அவர் பூவைப் பார்க்கவில்லை. பொட்டை மட்டுமே பார்த்தார். கையை எடுத்தார்.

“பாத்துக்கோங்க” என்றாள் அமீனா.

பூ சட்டியைக் கவிழ்த்துக் கோடு போட்டதுபோல் உருண்டையாக நின்றது.

மாரிசாமி மறைத்து வைத்திருந்த கைகளை முன்னால் கொண்டுவந்து முகத்தைத் துடைத்தார். நெற்றியெல்லாம் சாம்பல் அப்பியது. சண்முகவேல், “மாரிசாமி, மத்தாப்பு காயப் போட்டது போதும். வேற யாரையாச்சும் பாத்துக்கச் சொல்லிட்டு ஒம்ம எடத்துக்குப் போரும்” என்றார்.

சுவரில் நின்ற அந்தப் படத்தையே வேறொரு கேமராவால் எடுத்து, புது சி.டி. போட்டு வடக்கே அனுப்பினார்கள். கமிட்டிக்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று. திருவிழாவில் அந்த நீலப் பூவைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்ததாம். யானைகூடத் தும்பிக்கையைத் தூக்கி சலாம் வைத்ததாம். யானை விஷயத்தில் எனக்கு நேரடிச் சாட்சி இல்லை. நாகூர் கனி அதன் பிறகாவது திரையைப் பார்த்தாரா என்றால், அதுதான் இல்லை. டிஜிட்டல் மிஷினின் வெளிச்சத்தில் தூசி எப்படி நெளிகிறது என்று இன்னும் திரும்பித்தான் உட்கார்ந்திருக்கிறார். இப்போது பீடி பிடிக்கத் தடை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

இதை எழுதி, நாகூர் கனியின் வீட்டுக் கூடத்தில் வைத்துப் படித்துக் காட்டினேன். டீ குடிக்க வந்திருந்த சண்முகவேலும் கடைசி வரி வரைக்கும் கேட்டார்.

“எல்லாம் சரிதான் ஆத்தா. பிறை பதினாலுன்னு எழுதியிருக்கீகல்ல, அதத் திருத்திருங்க” என்றார்.

“ஏன்? அமீனா சொன்னது அதுதானே?”

“சொன்னது அதுதான். ஆனா பௌர்ணமியை ஒட்டி எந்தக் கம்பெனிக்காரனும் நீலச் சாம்பிள் போட மாட்டான். நிலா வெளிச்சத்துல நீலம் எடுக்காது, வெளுத்துப்போகும். அன்னைக்குப் பிறை எட்டோ ஒம்பதோ. நிலா பாதித் தேங்காயவிடக் கொஞ்சம் பெருசு, அம்புட்டுதான். கேமராவுல பிசிறடிச்சு வட்டமாத் தெரிஞ்சுச்சு. எனக்கும் தெரியும், மாரிசாமிக்கும் தெரியும்.”

நாகூர் கனி டீ கிளாசைக் கீழே வைத்தார். “நீ நோம்புன்னு சொன்னியே?” என்று அமீனாவைப் பார்த்தார்.

“டீ ஆறுது, குடிங்க” என்றாள் அமீனா.

“அப்ப நீ ஏன்லே அன்னைக்கு ஒண்ணும் சொல்லல?” என்று சண்முகவேலின் பக்கம் திரும்பினார் நாகூர் கனி.

“தங்கச்சி மொகத்தப் பாத்தேன். மாரிசாமியோட கையப் பாத்தேன்” என்றார் சண்முகவேல். “காலண்டர் அடிக்கிற ஊரு. நீ படம் காட்டணும்னு சுவத்துல இருந்து கழட்டுன காலண்டர் அம்புட்டும் என் மடியிலதான் கெடந்துச்சு. நான் ஒரு தாளப் புரட்டல.”